மாராயி கேட்டு வாங்கிய வலி

மின்னலும் மந்தியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உடம்புக்குள் வலி நடந்துதான் போகும். காலில் முள் தைத்தால் அது தலைக்குத் தெரிய அரைநாள் ஆகும். சிறுத்தை தொடையைக் கடித்துத் தின்னும்போதும் மான் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

மலையடிவாரத்தில் மாராயி என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒருநாள் அவள் சுனைக்குப் போயிருந்தபோது, மூத்தவள் செம்பி அடுப்புத் தணலில் கையை விட்டு விளையாடினாள். மாராயி திரும்பி வந்தபோது குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை கரிந்திருந்தது. சாயங்காலம்தான் அழத் தொடங்கினாள். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

அவளைப் புதைத்த அன்று மழை கறுத்துக்கொண்டு வந்தது. மாராயி இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைப் பாறையில் ஏறினாள். கிழட்டு மந்தி ஒன்று வழி மறித்தது.

"எங்கேடி போகிறாய்?"

"மின்னலிடம். எங்கள் நரம்புக்குள் வந்து ஓடச் சொல்லப்போகிறேன். வலி அதன் வேகத்தில் வரட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? சாகும்போதாவது நோகாமல் சாகிறோம். அதையும் கெடுக்காதே."

"நோகாததால்தானே என் பிள்ளை போனாள்!"

மாராயி அதை விலக்கிவிட்டு மேலே ஏறினாள்.

அவள் கேட்டதற்கு மின்னல் சொன்னது: "நான் முழுசாக வந்தால் நீ சாம்பலாகிவிடுவாய். துளித்துளியாக, நரம்பில் இடம்விட்டு இடம் தாவிப் போகிறேன். ஆனால் உன்னோடு மட்டும் நின்றுவிடமாட்டேன். ஓடுகிற, பறக்கிற எல்லா உடம்புக்குள்ளும் புகுவேன். பிறகு போ என்றாலும் போகமாட்டேன். சம்மதமா?"

மாராயி இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"வா," என்றாள்.

பாறை அதிர்ந்தது. அடுத்த நொடி காடு முழுவதும் ஓலம் எழுந்தது. சிறுத்தையின் வாயில் கிடந்த மான் முதன்முறையாக அலறியது. மந்தி காதைப் பொத்திக்கொண்டு, "என்ன காரியம் செய்துவிட்டாய், மாராயி!" என்று கதறியது. மாராயி குழந்தையை இறுக்கிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினாள்.

மறுநாள் இளையவள் தவழ்ந்துபோய்த் தணலைத் தொட்டாள். கை தானாகவே வெடுக்கென்று பின்னுக்கு வந்தது. அதன் பிறகே வீறிட்டாள். மாராயி ஓடிவந்து கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது. அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

அன்று முதல்தான், சுடுகிறது என்று தெரியும் முன்பே கை நெருப்பிலிருந்து விலகிக்கொள்கிறது. அடிபட்ட உயிர்கள் அலறுவதும் அன்று முதல்தான்.