மை காணாத கடைசி ஏடு

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்திராத காலத்தில், செம்பரை நாட்டைக் கோவேள் என்றோர் அரசர் ஆண்டார். காலையில் மாம்பழம் வேண்டும் என்பார். மாம்பழம் வந்ததும் பலாப்பழம் எங்கே என்பார். கதைமீது மட்டும் அவருக்கு மாறாத ஆசை.

அவரிடம் இரண்டு அதிசய மரப்பலகைகள் இருந்தன. எந்த ஓலைச்சுவடியையும் அவற்றின் நடுவே வைத்துக் கட்டி, முதல் வரியை உரக்கப் படித்தால் கதைக்குள்ளேயே போய்விடலாம். கடைசி வரியைப் படித்தால் வெளியே வந்துவிடலாம். ஆனால் கண்ணால் பார்த்துத்தான் படிக்க வேண்டும், மனப்பாடம் செல்லாது. திரும்ப வேறு வழியும் கிடையாது.

அரண்மனை ஏட்டுச்சாலையில் வடிவு என்ற பன்னிரண்டு வயதுப் பெண் ஏடு எழுதிவந்தாள். அவள் பார்த்துச் சரியென்று சொல்லாத எந்தச் சுவடிக்குள்ளும் அரசர் கால் வைப்பதில்லை. அரசரின் கடிதங்களை எழுதும் ராயசம் சொக்கப்பருக்கு இது பொறுக்கவில்லை. ‘இந்தப் பொடிப்பெண் தலையாட்டினால்தான் என் எழுத்து செல்லுமா?’ என்று உள்ளுக்குள் புகைந்தார்.

ஒருநாள் அவர் புத்தம்புது வெள்ளை அங்கவஸ்திரத்தோடு சபைக்கு வந்து ஒரு சுவடியை நீட்டினார்.

“பிரபு, இதன் பெயர் ‘கோவேள் திக்விஜயம்’. நாயகர் தாங்களேதான்.”

“பலே. வடிவு பார்த்தாளா?”

“அவள் எதற்கு, பிரபு? எழுத்தாணி பிடித்ததிலிருந்து கயிறு கட்டியது வரை எல்லாம் என் கை.”

வடிவு முன்னே வந்தாள். “ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுகிறேன், ஐயா.”

“ஆசையாக இருந்தால் உள்ளே வந்து பார். கதை எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்வாய்.”

“நல்ல யோசனை,” என்றார் அரசர். “மூவரும் போவோம். குறை இருந்தால் சொல், வடிவு. இல்லையென்றால் நாளை முதல் ஏடுகளை ராயசமே பார்க்கட்டும். நீ ஏட்டுச்சாலையை விட்டு வீட்டுக்குப் போகலாம்.”

வடிவு ஒருமுறை ஏட்டுச்சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சரியென்று தலையசைத்தாள்.

அரசர் முதல் வரியைப் படித்தார். கண்மூடித் திறப்பதற்குள் மூவரும் பூத்துக் குலுங்கும் ஒரு பெருவெளியில் நின்றார்கள். பிடரி சிலிர்க்க ஒரு சிங்கம் பாய்ந்து வந்தது. அரசர் ஆவலோடு வாளை உருவினார். சிங்கமோ அவர் காலடியில் படுத்து, “அடியேன் சரண்,” என்றது. ஆறு குறுக்கிட்டது, நீர் தானே விலகி வழிவிட்டது. பகையரசன் யானைப்படையோடு வந்தான். கோவேள் என்ற பெயரைக் கேட்டதும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டான்.

“என்ன ஐயா இது, ஒருவன்கூட ஓர் அடி அடிக்க மாட்டேன் என்கிறான்?”

“தங்களை அடிக்க என் எழுத்தாணிக்கு மனம் வரவில்லை, பிரபு.”

“நான் அடிக்கவும் விடவில்லையே.”

இப்படியே நடந்து கதையின் எல்லைக்கு வந்தார்கள். அங்கே கடைசி ஏடு ஒரு மஞ்சள் கதவைப் போல நின்றது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

அரசர் ஏட்டை மேலும் கீழும் பார்த்தார். “கடைசி வரி எங்கே?”

“இன்று காலையில்தான் எழுதினேன், பிரபு. இந்தப் பெண்தான் ஏதோ செய்துவிட்டாள்.”

வடிவு ஏட்டருகே போனாள். ஏட்டை விரலால் மெல்லத் தடவினாள். மயிரிழை போன்ற கீறல்கள் தட்டுப்பட்டன.

“எழுத்து இருக்கிறது, அரசே. ஒரே ஒரு வரி. எண்ணெயில் குழைத்த கரியைத் தேய்த்தால்தானே கீறல் கண்ணுக்குத் தெரியும்? ராயசம் ஐயா, மை தேய்த்தீர்களா?”

சொக்கப்பர் அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “சபைக்குக் கிளம்பும் நேரம். கையெல்லாம் கரியாகும். புது வஸ்திரம் வேறு…”

“பரவாயில்லை. இந்த நாட்டில் விளக்கு எங்கே இருக்கிறது? அல்லது ஓர் அடுப்பு?”

“அரசரின் முக ஒளியால் இங்கே இருட்டே கிடையாது என்று எழுதிவிட்டேன். விளக்கு ஏது? நினைத்ததும் விருந்து வந்துவிடும். அடுப்பும் இல்லை.”

அரசர் வாளை ஊன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வடிவு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். வெயிலில் நடந்து வந்ததில் அவருடைய மீசை ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் துளி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் சொக்கப்பரிடம் திரும்பினாள். “ஐயா, அரசரின் மீசையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?”

“கருமேகம் போன்ற, இயற்கையிலேயே கறுத்த மீசை.”

“மெய்தானே?”

“மெய்யேதான்.”

“மெய்யென்றால் நாம் இங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். பொய்யென்றால் இப்போதே திரும்பலாம். யோசித்துச் சொல்லுங்கள்.”

சொக்கப்பர் வாயைத் திறந்தார், மூடினார். அரசரைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார்.

“நானே சொல்கிறேன்,” என்றார் அரசர். “விளக்கெண்ணெயும் விளக்குக் கரியும். தினமும் காலையில் என் கையாலேயே பூசுகிறேன். எடுத்துக்கொள், பெண்ணே.”

வடிவு மையை விரலால் வழித்து ஏட்டில் அழுத்தித் தேய்த்தாள். “மிஞ்சியதைத் துடைக்கத் துணி வேண்டும், அரசே.”

அரசர் சொக்கப்பரை நோக்கிக் கையை நீட்டினார். அங்கவஸ்திரம் வந்தது.

துடைக்கத் துடைக்க, கீறலில் கறுப்பு தங்கி எழுத்து எழும்பியது. அரசர் உரக்கப் படித்தார்: “இவ்வாறு, அரசரையும் மிஞ்சிய புகழ் பெற்று ராயசம் சொக்கப்பர் நெடுநாள் வாழ்ந்தார்.”

அடுத்த நொடி மூவரும் சபையில் நின்றார்கள். அரசரின் மீசை பஞ்சாக வெளுத்திருந்தது. சபையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

“சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்,” என்று சொல்லி, அரசரே முதலில் சிரித்தார். பிறகுதான் சபை சிரித்தது.

“சொக்கப்பரே, இன்று முதல் ஓராண்டு ஏட்டுச்சாலையில் மை தேய்ப்பது உம் வேலை. சரியாகத் தேய்த்தீரா என்று வடிவு பார்ப்பாள். வடிவு, உனக்கு என்ன வேண்டும்?”

“அடுத்த கதையை நான் எழுத வேண்டும், அரசே. நாயகர் நீங்கள்தான். ஆனால் ஒரு சண்டையில் தோற்பீர்கள்.”

சபை மறுபடி மூச்சை அடக்கியது.

“ஒன்றில்தானே?”

“முதல் சண்டையில். மற்றவற்றை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

கோவேள் நிமிர்ந்து நின்றார். இடுப்பிலிருந்து வாளைக் கழற்றிக் காவலனிடம் கொடுத்தார். “இதைக் கொண்டுபோய்த் தீட்டி வை,” என்றார். “நன்றாகத் தீட்டச் சொல்.”