கஷாயம் குடிக்காத எலிகள்

"மருந்து வேலை செய்யுது மேடம். கையெழுத்துப் போட இன்னும் என்ன தயக்கம்?"

கேட்டவர் அருளப்பன். மலேரியாவுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்த வைராக்கியத்தில் ஐம்பது வயசில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து, ஒரு மூலிகைக் கஷாயம் கண்டுபிடித்திருந்தார். மழைக்காலத்துக்குள் அதை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பறப்பு.

கையெழுத்துப் போட வேண்டிய வழிகாட்டி நசீமா அவரைவிட வயதில் சின்னவர். ஆனால் உடும்புப் பிடி.

"மலேரியா ஏத்தினதுல எத்தனை எலி பொழைச்சுது சார்?"

"கஷாயம் குடிச்ச கூண்டுல எல்லாமே. குடிக்காத கூண்டுல ஒண்ணுகூட இல்ல."

"ரெண்டும் ஒரே பண்ணை எலியா?"

"வேற வேற பண்ணை. கலந்து விட்டா கடிச்சுக் குதறிடுமேன்னு தனித்தனியா வச்சேன்."

நசீமா, செத்துப்போன எலிகளின் பண்ணையிலிருந்து புது எலிகளை வரவழைத்தார். பிழைத்த கூண்டுக்குள் கரண்டியை விட்டு, உமியோடு புழுக்கையை அள்ளிப் புது எலிகளின் கூண்டில் கொட்டினார்.

"ஐயையோ! இப்பத்தான மேடம் சுத்தம் பண்ணினேன்!"

"தினமும் கொட்டுங்க. எலி புழுக்கையைத் தின்னும். கொஞ்ச நாள் கழிச்சு மலேரியாக் கிருமியை ஏத்துங்க. கஷாயம் மட்டும் கொடுக்காதீங்க."

அருளப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பீ அள்ளவா இத்தனை படிப்பு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அள்ளினார். வேறென்ன செய்வார், பாவம்!

கிருமி ஏற்றியதும் எலிகள் சோர்ந்து சுருண்டன. ரத்தத்திலும் கிருமி தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து தீனி தேடின. ஒன்றுகூடச் சாகவில்லை.

அருளப்பன் நசீமா எதிரே வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"கஷாயம் குடிக்காமலே பொழைச்சிருச்சு மேடம்."

"ம்."

"மலேரியா ரத்தத்துல இருக்கு. புழுக்கை வயித்துக்குத்தானே போச்சு?"

"வயித்துல குடியிருக்கிற பாக்டீரியா மாறியிருக்கும். அது உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும். முதல்ல பொழைச்ச பண்ணை எலிக்கு அது பிறவியிலேயே வாய்ச்சிருக்கு."

அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ நான் பிள்ளைங்களுக்குக் கொண்டுபோகப் பார்த்தது பொய் மருந்தா?"

"யாருக்குத் தெரியும்? அதை நாம இன்னும் சோதிக்கவே இல்லையே சார்."