கொம்பையாவின் வீட்டு வண்டிக்குப் பச்சை அடித்தது

முட்டாள்களில் பல ரகம். காக்கைக்குளத்துப் பெயிண்டர்கள் மூன்று பேரும் தனி ரகம். பலவேசம், சுடலைக்கண்ணு, ஆண்டி.

கொம்பையாவுக்கு ஒற்றை அறை வீடு. மகளும் மாப்பிள்ளையும் தலைதீபாவளிக்கு வருகிறார்கள். எங்கே தங்க வைப்பது? ஏலத்தில் ஒரு பழைய வீட்டு வண்டியைப் பிடித்து வந்து வாசலில் நிறுத்தினார். ஜீப்பில் மாட்டி இழுத்துப்போகிற அறை அது. உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு எல்லாம் பளிச். வெளியே ஒரே துரு. பெயிண்டர்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"துருவைச் சுரண்டுங்க. வெளியே இருக்கிறதுக்கெல்லாம் பச்சை அடிங்க. உள்ளே ஒரு சொட்டு படக்கூடாது. சாயங்காலம் மாப்பிள்ளை வாராரு. என் மானம் போச்சு, தொலைச்சிருவேன்."

சொல்லிவிட்டுப் பட்டாசு வாங்கப் போனார். போயிருக்கக் கூடாது.

சுரண்டினார்கள். அடித்தார்கள். அதுவரை சரி. கட்டிலில் பெயிண்ட் பட்டுவிடுமோ என்று பயந்து, அதையும் அடுப்பையும் தூக்கித் தெருவில் வைத்தார்கள்.

"ஏலே, கட்டில் இப்ப எங்க இருக்கு?"

"வெளியே."

"அடுப்பு?"

"அதுவும் வெளியேதான்."

பெருமூச்சு விட்டார்கள். வேலை கூடிப்போச்சே! இரண்டுக்கும் பச்சை அடித்தார்கள்.

அடுத்தது கதவு. திறந்தால் அதன் உட்பக்கம் வெளியே வருகிறது, மூடினால் உள்ளே போகிறது.

"பாதி நேரந்தானே வெளியே இருக்கு? ஒரு கோட் போதும்லே" என்று தீர்ப்புச் சொன்னான் பலவேசம்.

பக்கத்து வீட்டு ஆடு வந்து நின்றது. அதற்கு ரெண்டு கோட்.

திரும்பி வந்த கொம்பையா முதலில் ஆட்டைத்தான் பார்த்தார்.

"பாவிகளா! இனி வெளியே இருக்கிற எதையாவது தொட்டீங்க, கையை முறிச்சிருவேன்!"

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார். பட்டு வேட்டி. மகள் அம்மாவைத் தேடி வீட்டுக்குள் ஓடினாள். மாப்பிள்ளை அலுப்பில் கட்டிலில் உட்கார்ந்தார். பாதி காய்ந்த பெயிண்ட். வேட்டி ஒட்டிக்கொண்டது. எழுந்தால் வேட்டி கட்டிலோடு நின்றுவிடும். தெருவே கூடிவிட்டது. கொம்பையா மண்ணெண்ணெய் எடுக்க ஓடினார்.

"ஏம்பா, என்னைக் கட்டிலோட உள்ளே தூக்கிப் போடுங்களேன்" என்று கெஞ்சினார் மாப்பிள்ளை.

"வெளியே இருக்கிறதைத் தொடக்கூடாதே மாப்பிள்ளே! உள்ளே வாங்க, தூக்குறோம்" என்றான் பலவேசம்.

சுடலைக்கண்ணு யோசித்தான். "அவரு உள்ளே வர முடியலை. வண்டிக்குச் சக்கரம் இருக்கு. நாம 'உள்ளே'யை அவருகிட்டக் கொண்டு போவோம்."

"வண்டியும் வெளியேதானலே நிக்கு? தொடலாமா?"

"உள்ளே ஏறி நின்னு தள்ளுவோம்."

மூன்று பேரும் உள்ளே குதித்தார்கள். முன்சுவரில் தோளைக் கொடுத்து முக்கினார்கள். மாப்பிள்ளை பார்த்தார். கட்டிலை முதுகோடு அள்ளிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையைக் கட்டினார். மண்ணெண்ணெய் டின்னோடு கொம்பையா பின்னால் ஓடினார்.

ஆண்டி ஜன்னல் வழியே பார்த்தான்.

"ஏலே, மாப்பிள்ளை சின்னதாகிட்டே போறாரு!"

"வண்டி பின்னால போகுதுலே! ஓடியா, அந்தச் சுவரைத் தள்ளு!"