அழைக்காத வீடு

காவிரிக்கரை ஊரொன்றில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவர் திலகவதி அம்மையார். வயது நாற்பத்தைந்து இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினாலோ, கேட்டவருக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு என்று ஊரில் சொல்வார்கள்.

அவருடைய சீடர் ஏய்னார் குருவைவிட இருபது வயது பெரியவர். நார்வேக்காரர். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். மனைவி இறந்தபின் தியானம் படிக்க வந்து, இங்கேயே ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டார். ஏய்னார் என்ற பெயர் தெருக்காரர்கள் வாயில் நுழையாமல் ஐயனார் ஆகிவிட்டது. ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கிற சாமி பெயர், மனிதருக்குப் பொருத்தம்தான் என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் காலையில் அம்மையார் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, நான் என் நாட்டுக்கே திரும்புகிறேன். விடைபெற வந்தேன்.”

தமிழை வகுப்பில் படித்தவர். அப்படித்தான் பேசுவார்.

“என்ன ஆச்சு ஐயா?”

“என் தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வீட்டுத் தையல்நாயகி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பால்காரர்கூடப் பாலை ஊற்றிவிட்டுப் பேசாமல் போகிறார். நான் செய்த தவறு என்னவென்று தெரியவில்லை. இப்படித் தனியாகக் கிடப்பதற்கு என் ஊரிலேயே கிடக்கலாம்.”

“எப்பலேர்ந்து இப்படி?”

“வைரக்கண்ணு இறந்ததிலிருந்து.”

வைரக்கண்ணு, தையல்நாயகியின் கணவர். மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். சாயங்காலம் ஆனால் ஏய்னார் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரியும். புரியாவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று? இரண்டு பேரும் பேசியது இன்ஜின்களைப் பற்றி. இன்ஜினுக்கு எல்லா நாட்டிலும் ஒரே வியாதிதான். அந்த ஊரில் ஏய்னாருக்கு மனிதர் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

“அன்னிக்கு நீங்க என்ன செஞ்சீங்க?”

“செய்ய வேண்டிய மரியாதையெல்லாம் செய்தேன் அம்மா. ரேடியோவை அணைத்தேன். சன்னல்களைச் சாத்தினேன். அவர்களுடைய துக்கத்தில் வெளியாள் குறுக்கிடக் கூடாதல்லவா? பறைச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கதவைத் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து அழுதேன்.”

“அந்த வீட்டுக்குப் போகலியா?”

“அவர்கள் என்னைக் கூப்பிடவில்லையே! போன வருடம் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து, தட்டில் பத்திரிகை வைத்து அழைத்தார்கள். போனேன். இதற்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது?”

அம்மையார் கேட்டார்:

“உங்க ஊர்ல வீடு தீப்பிடிச்சா, அணைக்க வாங்கன்னு பத்திரிகை வைப்பாங்களா?”

ஏய்னாரின் முகம் சிவந்துபோயிற்று. தான் சாத்திய சன்னல் அந்த வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவம், மனிதர் தவித்துப்போனார்.

“இனிமேல் எப்படிப் போவது? கருமாதியே முடிந்துவிட்டதே.”

“துக்கம் முடிஞ்சுதா?”

ஏய்னார் வாசல் வரை போய்த் திரும்பினார்.

“நீங்களும் கூட வருவீர்களா அம்மா?”

“மாட்டேன்.”

“வருகிறேன் என்று முன்னால் சொல்லி அனுப்பட்டுமா?”

“வேண்டாம். யாரும் வாங்கன்னு சொல்லமாட்டாங்க. நீங்களா போய் உட்காருங்க. கிளம்பறப்போ போயிட்டு வரேன்னு சொல்லிடாதீங்க, துக்க வீட்டுல அதைச் சொல்லக் கூடாது. பேசாம எழுந்து வந்துடுங்க.”

போனார். வாசலில் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள் என்று தெரிந்திருந்தும் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். உள்ளே மாலை போட்ட படம். படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்தபடி தையல்நாயகி. ஏய்னார் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார்.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தார்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

ஏய்னார் வாயைத் திறந்தார். அதற்குள் தையல்நாயகி பிடித்துக்கொண்டார்.

“பக்கத்து வீட்டுல பொணம் கெடக்கு, சன்னலைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தீங்களே! தூக்க வந்தவங்களை, ‘ஐயனார் சார் வந்துரட்டும், செத்த பொறுங்க’ன்னு நிறுத்தி வச்சேன். உங்க வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். அந்த மனுசன் மூஞ்சியக் கடைசியா ஒருதரம் பாக்க உங்களுக்குத் தோணலியா? கல்லா நீங்க?”

திட்டினார், திட்டிக்கொண்டே அழுதார். உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏய்னாரும் அழுதார். படித்து வைத்திருந்த தமிழில் ஒரு சொல்லும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தார். சொல்லாமல் வருவது அவருக்கு மலையைத் தூக்குவதுபோல இருந்தது.

நேரே மடத்துக்குத்தான் வந்தார்.

“போனீங்களா?” என்றார் அம்மையார்.

“போனேன். எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். நீங்கள் கல்லா என்று கேட்டார்.”

அம்மையார் முகத்தைச் சுளித்தார்.

“வயசுல பெரியவர். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து தங்கியிருக்கிறவர். உங்களை அப்படித் திட்ட அந்தப் பொண்ணுக்கு என்ன உரிமை?”

ஏய்னாருக்குச் சுருக்கென்றது. குருவின் முன்னால் குரலை உயர்த்தியே அறியாதவர், உயர்த்திவிட்டார்.

“அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா! அவருக்கு இல்லாத உரிமையா? வைரக்கண்ணு என்னுடைய... நான் அந்த வீட்டுக்கு வெளியாளா?”



அம்மையார் மெதுவாகக் கேட்டார்: “ஊருக்குப் பயணம் என்னிக்கு ஐயா?”

அன்று சாயங்காலம் ஏய்னார் பக்கத்து வீட்டைப் பார்த்த சன்னலைத் திறந்து வைத்தார்.