வேண்டாம் என்று சொன்ன பரிவட்டம்

“என் பரிவட்டத்தைத் திருப்பச் சொன்னது நீங்கதானேம்மா?”

மாடக்கண்ணு மடத்து வாசலிலேயே நின்று கேட்டார். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர் அவர். கட்டை இன்னும் தோளில் இருந்தது.

மடத்துச் சாமியம்மா அவரைவிட இளையவர். மோர் கடைந்துகொண்டிருந்தார்.

“யார் சொன்னது, அண்ணாச்சி?”

“புது தர்மகர்த்தா நேத்து இங்கே வந்துட்டுப் போனாரே.”

“மோர் குடிக்க வந்தார்.”

மாடக்கண்ணு பானையை எட்டிப் பார்த்தார். மோர்தான் இருந்தது.

சந்தேகம் போகவில்லை.

“காலையிலே என்ன நடந்தது?” என்றார் சாமியம்மா.

“தெற்குத் தெரு முனையிலே தேர் ஒரு சுவரையும் உரசாமத் திரும்பிச்சு. என் தலையிலே கட்டப் பரிவட்டத் துணியோட தர்மகர்த்தா வந்தார். ‘நான் யாரு? எல்லாம் அம்பாள் செயல்’னேன்.”

“அப்புறம்?”

“‘சரி’ன்னுட்டார்! துணியைக் கொண்டுபோய் அம்பாள் காலடியிலே வச்சுட்டார். சனமெல்லாம் கைதட்டுது.”

“நீங்க சொன்னதை நம்பிட்டார்.”

“அதை நம்பலாமா? பேச்சுக்குச் சொல்றதும்மா அது! நான் வேண்டாம்பேன். அவங்க வற்புறுத்தணும். அப்புறம் நான் தலையைக் குனிவேன். எங்க அப்பா காலத்திலேருந்து இப்படித்தான். வெளியூர்க்காரர்னா இதுகூடவா தெரியாது? யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க.”

சாமியம்மா ஒரு சொம்பு மோரை நீட்டினார்.

“உட்காருங்க. தேர் அடுத்துத் திரும்புற வடக்குத் தெரு முனைக்கு நீங்க போக வேண்டாம்.”

“என்னது?”

“அம்பாள் திருப்பிக்குவா.”

மாடக்கண்ணு சொம்பை வாங்கவில்லை.

“விளையாடுதீங்களா? அங்கே பள்ளம் கிடக்கு. இடது சக்கரத்துக்கு நேரத்துலே கட்டை விழலைன்னா தேர் சனத்து மேலே சாஞ்சிரும். பிள்ளைங்க நிக்கும்மா!”

“பள்ளம் கிடக்கிறது அம்பாளுக்குத் தெரியாதா?”

அவர் தோளிலிருந்த கட்டையை இறுகப் பிடித்தார்.

“தெரியும்,” என்றார் மெதுவாக. “அவளுக்குத் தெரிஞ்சதாலேதான் எனக்குத் தெரியுது.”

சாமியம்மா அவரை உற்றுப் பார்த்தார்.

“இதுவும் பேச்சுக்கா?”

தெருவில் மேளம் கேட்டது. வடம் பிடிக்க ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.



மாடக்கண்ணு வடக்குத் தெருவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார், வெறுந்தலையோடு.