தளபதி விழுந்த பிறகு

"சலிச்சுப்போச்சு தோழர். விட்டுடலாம்னு இருக்கேன்," என்றான் அருமைநாயகம்.

பரிமளா நிமிரவில்லை. மேஜைக்கு இருபுறமும் நின்ற இருவர் ஒரு பகடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது பொம்மைக் கோட்டையின் சுவரோரம் போய் விழுந்திருந்தது.

"நேராத்தான் இருக்கு."

"கண்ணைத் தொறந்து பாருய்யா. சாஞ்சிருக்கு. செல்லாது."

அவள் இன்னொரு பகடையை எடுத்து அதன் தலைமேல் வைத்தாள். அது வழுக்கிக் கீழே உருண்டது.

"சாஞ்சதுதான். மறுபடி போடுங்க."

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் அதற்குமேல் முறையீடு கிடையாது.

கட்டைவிரல் உயரப் போர்வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, மேஜைமேல் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவது அங்கே வருகிறவர்களின் வேலை. அதைப் படம்பிடித்து, பேசி, 'விரற்படை' என்ற சேனலில் போடுவது அருமைநாயகத்தின் வேலை. அவன் முகம் தெரியாத ஊர் குறைவு.

பரிமளாவின் முகம் எந்த வீடியோவிலும் கிடையாது. அவள் நடுவர்.

ஒரு காலத்தில் தொழிற்சங்கத்துக்காகப் பஞ்சாலை வாயில்களில் பேசியவள். ஒருநாள் மைக்கை வைத்துவிட்டு வந்தாள். ஆலையின் நிலையாணைகளை, அதாவது வேலை விதிகளை, வரி வரியாகப் படித்து, நிர்வாகத்தின் முகத்திலேயே திருப்பி வீசியவளுக்கு விளையாட்டின் விதிப்புத்தகம் ஒரு பொருட்டாக இல்லை. விதியல்லாத சந்தேகங்களையும் அருமைநாயகம் அவளிடமே கொண்டுவருவான். பாதிக்கு அவள் பதில் சொல்வதில்லை.

ஆட்டம் முடிந்தது. கூடம் காலியானது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

"எதுல சலிப்பு?" என்று கேட்டாள்.

"தூரிகையில இல்ல. வாயில. நேத்து பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது, 'கடைசிவரைக்கும் கூட இருந்ததுக்கு நன்றி நண்பர்களே'ன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"அடுத்த வாரம் குதிரைக்கு வண்ணம் தீட்டறதைக் காட்டுவீங்களான்னு கேட்டாரு."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்போ போங்க."

"போயிடுவேன். எனக்கென்ன? அவங்களை நினைச்சாத்தான் மனசு கேக்கல."

"யாரை?"

"பார்க்கிறவங்களை. சேனல்ல எனக்குத் துணையா இருக்கிற ஹரூன் கையில வித்தை இருக்கு. என்னைவிட நல்லாத் தீட்டுறான். ஆனா அவனுக்குப் பேச வராது. நான் போன மறுவாரமே எல்லாம் கலைஞ்சிடும். விடைபெறுகிற வீடியோ எடுத்துத் தயாரா வச்சிருக்கேன். போடக் கை வரல."

"அதுல என்ன சொல்றீங்க?"

"நான் இல்லாட்டியும் இது நடக்கும்னு சொல்றேன்."

"நம்பும்படியா இருக்கா?"

"நல்லாவே அழுதிருக்கேன்," என்றான்.

தலைவர்கள் களைத்துப்போவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். களைத்த தலைவரைப் பற்றி எல்லோரும் கவலைப்பட்டுப் பேசுவார்கள். களைத்த கூட்டத்தை யாரும் விசாரித்ததில்லை.

"நீங்களும்தானே விட்டுட்டு வந்தீங்க," என்றான் அவன். "அப்புறம் என்ன ஆச்சு?"

அதை அவளிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னாடி வாயில் கூட்டம் நடந்துச்சு."

"நீங்க இல்லாமலா?"

"டீக்கடை மறைவுல நின்னு கேட்டேன். என் இடத்துல நின்னவரு பேச்சு சுமார். வாசிச்ச கணக்கும் தப்பு."

"ஜனங்க கலைஞ்சு போயிருப்பாங்க."

"கைதட்டினாங்க."

"சும்மா மரியாதைக்குத் தட்டியிருப்பாங்க."

"எனக்கு எப்படித் தட்டினாங்களோ, அப்படி."

அவள் சிதறிக் கிடந்த பகடைகளை மேஜை ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள்.

"மைக்கும் நல்லா வேலை செஞ்சுது," என்றாள். "நான் பேசும்போதுதான் அது எப்பவும் கரகரன்னு இருக்கும்."

அருமைநாயகம் தலையை ஆட்டினான். "அது வேற தோழர். அது வயித்துப்பாடு. வேலையை விட்டுட்டு எங்கே போவாங்க? எங்க ஆளுங்களுக்கு என்ன? விரலை லேசா நகர்த்தினாப் போதும், அடுத்த சேனல்."

அவள் எழுந்து மேஜைப் பக்கம் திரும்பினாள்.

மேஜைமேல் அவனுடைய படை நின்றிருந்தது. நீலத் தலைப்பாகை வீரர்கள், வரிசை வரிசையாக. நடுவில் குதிரைமேல் தளபதி. அந்தத் தளபதியின் கன்னத்து வெட்டுத் தழும்பைத் தீட்டுவதற்கென்றே அவன் ஒரு முழு வீடியோ போட்டிருக்கிறான். அந்தத் தழும்பு சேனலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தளபதியின் மூக்கு கொஞ்சம் அவன் மூக்குபோல இருப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அவன் மறுத்ததில்லை.

பரிமளா குதிரையோடு தளபதியைத் தூக்கினாள். மேஜைக்கு வெளியே, ஸ்டூலின்மேல் படுக்கவைத்தாள்.

"தளபதி விழுந்தாச்சு. விதி என்ன?"

தன்னை அறியாமலே அவன் குரல் மாறியது. வீடியோவில் வரும் குரல் அது.

"தளபதி விழுந்தா, படை பயத்தைத் தாங்குதான்னு ஒரு பகடை போட்டுப் பார்க்கணும். நாலோ அதுக்கு மேலயோ வந்தா, படை நிக்கும். அதுக்குக் கீழ வந்தா, ஆயுதத்தைப் போட்டுட்டு ஓடிடும் நண்பர்களே."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போடுங்க," என்றாள்.

"இது விளையாட்டு தோழர்."

"விளையாட்டைப் பத்தித்தானே இவ்வளவு நேரம் பேசினோம்?"

அவன் பகடையை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தான்.

"சரி. இதையே முடிவா வச்சுக்கறேன். ஓடிட்டாங்கன்னா, போற பேச்சை விட்டுட்டு சேனல்லயே இருந்துடறேன். நின்னுட்டாங்கன்னா, இங்கே நின்னபடியே வீடியோவைப் போட்டுடறேன். நாளையிலேருந்து நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"எது வரணும்?"

"நிக்கணும். வேற என்ன?"

"கேட்டேன்."

அவன் குலுக்கினான். ஆட்டங்களில் குலுக்குவதைவிட அதிக நேரம் குலுக்கினான். உருட்டினான்.

பகடை தளபதி நின்றிருந்த வெற்றிடத்தைக் கடந்து, வரிசைகளுக்கு நடுவே ஓடி, மணல் ஒட்டிய குன்றின் அடிவாரத்தில் போய் நின்றது.

ஐந்து.

"நின்னுட்டாங்க," என்றாள் பரிமளா.

உண்மைதான். நீலத் தலைப்பாகைகள் சற்றுமுன் நின்றபடியே நின்றன. ஒவ்வொரு முகத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வைத்த கண்கள். எல்லாம் எதிரியைத்தான் பார்த்தன. ஒன்றுகூட ஸ்டூலின் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

போன் மேஜை ஓரத்தில் கிடந்தது. அவன் கை அதன் பக்கம் போகவில்லை.

குனிந்தான். கன்னம் மேஜையில் படும் அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பகடையைப் பார்த்தான்.

"சாஞ்சிருக்கு," என்றான்.

பரிமளா அவனைப் பார்த்தாள்.

"மணல்மேல ஏறி நிக்குது தோழர். நல்லாப் பாருங்க. சாஞ்சிருக்கு. இது செல்லாது. மறுபடி போடணும்."

அவள் குனியவில்லை. இன்னொரு பகடையை எடுத்தாள். அதன் தலைமேல் வைத்தாள். கையை எடுத்தாள்.

நின்றது.