பனையின் நிழல்

"கணக்கு பொய் சொல்லிடுச்சு சாமி. இனிமே அதைத் தொட மாட்டேன்."

திருமேனி மடத்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரக் கால் எழவில்லை.

அடிகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னடா ஆச்சு?"

"இன்னிக்கு வெட்டின பனை, வெள்ளத்தாயி குடிசை மேலயே விழுந்திருச்சு சாமி."

இடி விழுந்து பட்டுப்போன பனை அது. ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் கோயில் சுவர், பின்னால் வாய்க்கால். வெள்ளத்தாயியின் குடிசைப் பக்கம்தான் சாய்க்க முடியும். சாய்த்தால் குடிசை தப்புமா என்று, மடத்தில் கணக்குப் படித்த திருமேனியை ஊரார் கேட்டிருந்தார்கள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆடு மேய்க்கப் போயிருந்தா. கூரை போச்சு. நெல்லுக் குதிர் போச்சு. அடைகாத்த கோழி..."

"எப்படி அளந்தே?"

"பனையோட நிழலை அளந்தேன். ஒரு குச்சியை நட்டு, அதோட நிழலையும் அளந்தேன். குச்சிக்கும் அதோட நிழலுக்கும் உள்ள விகிதம்தானே பனைக்கும்? குடிசையைத் தொடாதுன்னுதான் வந்துச்சு."

"சரியான வழிதான். நிழலை எப்ப அளந்தே?"

"நேத்து சாயங்காலம்."

"ரெண்டையும் ஒண்ணாவா?"

"பனையை முதல்ல அளந்தேன். அப்ப ஊர்க்காரங்க வந்து, 'ஏறாம எப்படி சாமி உயரம் தெரியும்'னு கேட்டாங்க. வெத்தலை குடுத்து உக்கார வச்சாங்க. கொஞ்சம் பேசினேன்."

ஊரே வாயைப் பிளந்து கேட்கும்போது எந்த மனுஷன்தான் கொஞ்சமாகப் பேசுவான்?

"என்ன பேசினே?"

"தேன்கூட்டுலேருந்து கிரகணம் வரைக்கும் எல்லாம் கணக்குதான், அது யாருக்காகவும் மாறாதுன்னு..."

"அப்புறம்?"

"எழுந்து போய் குச்சியோட நிழலை..."

திருமேனி வாயை மூடிக்கொண்டான்.

அவன் பேசப் பேச வெயில் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. குச்சியின் நிழல் நீண்டுவிட்டது. அந்த விகிதத்தைப் பழைய நிழலில் போட்டதும் பனை குட்டையாகிவிட்டது.

அடிகள் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"சாமானை வெளிய எடுத்து வச்சிரட்டுமான்னு அவ கேட்டா சாமி. நான் சிரிச்சேன். கணக்கு மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன்." வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"விழுந்தப்புறம் அவகிட்ட என்ன சொன்னே?"

"கணக்கு தப்பாயிடுச்சுன்னு."

"அதுக்கு அவ?"

"'கணக்குதானே தப்பாச்சு, நீங்க என்ன சாமி பண்ணுவீங்க'ன்னா. வெயில்ல நிக்கிறீங்களேன்னு பக்கத்து வீட்டுல கேட்டு மோர் வாங்கிக் குடுத்தா."

அடிகளின் கை நின்றது.

"குடிச்சியா?"

திருமேனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"குடிச்சேன் சாமி."